மனச்சிதைவு நோய்: குரல்கள் நின்ற பிறகும் பாதி வேலை மிச்சம்

ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் என்று எழுதிய சீட்டோடு எங்கள் மருந்துக் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். "இது தூக்க மாத்திரைதானே அண்ணா?" "எத்தனை நாளைக்குக் குடுக்கணும்?" முதல் கேள்விக்கு 'இல்லை' என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குப் பதில் சொல்ல நோய் என்னவென்று முதலில் சொல்லியாக வேண்டும். கோத்தகிரி பஜாரில், பின்னால் நாலு பேர் இருமிக்கொண்டு நிற்கும்போது அது முடிகிற காரியமா? அதனால்தான் இந்தக் கட்டுரை. நான் மருந்தாளுநர், மருத்துவன் அல்ல. நோயைக் கண்டறிவதும் மருந்தைக் கூட்டிக் குறைப்பதும் மனநல மருத்துவரின் வேலை.

மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா, நாம் நினைக்கிற அளவுக்கு அபூர்வமானதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் சுமார் 2.4 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. ஏறக்குறைய 300 பேரில் ஒருவர். ஒரு பெரிய எஸ்டேட்டின் லைன் வீடுகளையும் பக்கத்து ஹட்டிகளையும் (படுகர் ஊர்களையும்) சேர்த்து எண்ணினால் மூன்று நான்கு பேராவது இருப்பார்கள். பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ தொடங்கும். ஆண்களுக்குச் சற்று முன்னதாக, பெண்களுக்குச் சற்றுப் பிந்தி. படிப்பு முடிகிற, வேலைக்குப் போகிற, கல்யாணப் பேச்சு எழுகிற வயது அது. வீடே ஆடிப்போவதற்கு அதுவும் ஒரு காரணம். சினிமாவில் காட்டுகிற 'ஒரே உடம்புக்குள் இரண்டு ஆள்' சமாச்சாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

எப்படித் தொடங்குகிறது என்று காட்ட, பல குடும்பங்களில் கேட்டதைச் சேர்த்து ஒரு பையனாகச் சொல்கிறேன். கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கிறவன். செமஸ்டர் லீவுக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. ராத்திரி தூக்கம் இல்லை. விடிய விடிய முன்னறையில் நடை. பிறகு ஜன்னல் கண்ணாடிக்குச் செய்தித்தாள் ஒட்டினான். மொபைல் கேமரா மேல் பிளாஸ்திரி போட்டான். பச்சைத் தேயிலை எடுக்க வருகிற ஏஜென்ட் மூட்டையைத் தராசில் தொங்கவிட்டு நோட்டில் கிலோவை எழுதுவார் இல்லையா, அந்த எண்கள் வழியாகத் தன்னைப் பற்றிய செய்தி எங்கோ போகிறது என்றான். அப்பா அந்த நோட்டையே கேட்டு வாங்கி வந்து பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார். "பாருடா, நம்ம இலைக் கணக்குதான்." பையன் அப்பாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். "உங்களையும் சேத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டான்.

ஆதாரம் காட்டினாலும் அசையாத இந்த நம்பிக்கையை மருத்துவர்கள் டெல்யூஷன் என்பார்கள். அதில் இருப்பவரிடம் வாதம் செய்து ஜெயிக்க முடியாது. வாதம் செய்யச் செய்ய நீங்களும் எதிரிகளின் பட்டியலில் ஏறுவீர்கள். "ஆமாம், உண்மைதான்" என்று ஒத்து ஊதுவதும் தப்பு. "எனக்கு அப்படித் தெரியலப்பா. ஆனா நீ பயந்துபோயிருக்கேன்னு தெரியுது. தூக்கம் வர்றதுக்காவது டாக்டரைப் பாப்போம்" என்பது வேலை செய்கிற பேச்சு. நோயை ஒப்புக்கொள்ளாதவர்கூடத் தூக்கமில்லை என்பதை ஒப்புக்கொள்வார். முதல் முறை ஆஸ்பத்திரிக்கு வர அது போதும். தனக்கு நோய் இருக்கிறது என்பதே பலருக்கு உறைக்காது. அது பிடிவாதமில்லை, நோயின் ஒரு பகுதி.

இன்னொன்று குரல்கள். மனசுக்குள் ஓடுகிற எண்ணத்தைச் சொல்லவில்லை. பக்கத்தில் யாரோ பேசுவதுபோல் காதிலேயே விழுவதைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது பேச்சுக்கான பகுதிகள் இயங்குவதை ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்கிறார்கள். அவர் நடிக்கவில்லை. டான்யா லூர்மன் என்ற அமெரிக்க மானுடவியலாளர், சென்னையில் மனச்சிதைவு நோய்க்காகவே இயங்கும் ஸ்கார்ஃப் அமைப்பின் மருத்துவர்களோடு சேர்ந்து, சென்னை, கானாவின் அக்ரா, கலிஃபோர்னியாவின் சான் மட்டேயோ ஆகிய மூன்று ஊர்களில் ஊருக்கு 20 பேரிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். அமெரிக்கர்கள் பலருக்குக் கேட்டவை கொல்லு, வெட்டு என்கிற வன்முறைக் குரல்கள். சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல்: வீட்டைக் கூட்டு, குளி, சாப்பிடு என்று ஏவுகிற குரல். படித்தபோது சிரிப்பும் வந்தது, வியப்பும் வந்தது. மூளைக்குள் கோளாறு வந்தாலும் நம் ஊரில் பெரியம்மா அதட்டத்தான் செய்வாள்போல. ஆனால் நம் ஊரிலும் திட்டுகிற, மிரட்டுகிற, 'செத்துப்போ' என்கிற குரல்கள் உண்டு. அப்படிக் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

மூன்றாவது, பேச்சு கோவையாக வராமல் சிதறுவது. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் ஒட்டே இருக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் நோயின் சத்தமான பக்கம். ஊர் பார்ப்பதும் பேசுவதும் அதைத்தான். கோடாங்கியிடம் போவதும், தாயத்துக் கட்டுவதும், குணசீலம் கோயிலில் 48 நாள் தங்குவதும் அதற்காகத்தான். சாமி கும்பிடுவதை யாரும் தடுக்கவில்லை. மாத்திரையையும் எடுத்துக்கொண்டு போங்கள் என்றுதான் நான் சொல்வேன். காத்து கருப்பு என்று ஆறு மாதம் அலைந்துவிட்டு வருவதில் ஒரு நிஜமான நஷ்டம் இருக்கிறது: சிகிச்சை எவ்வளவு தள்ளிப்போகிறதோ, மீள்வதும் அவ்வளவு கடினமாகிறது.

சத்தமில்லாத பக்கம்

நான் எழுத வந்ததே இதைத்தான். மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதத்தில் பலருக்குக் குரல் நின்றுவிடும், சந்தேகம் தணிந்துவிடும். வீடு மூச்சு விடும். அடுத்த மாதம் அம்மா கடைக்கு வந்து சொல்வார்: "நோய் போயிருச்சுண்ணா. ஆனா சோம்பேறி ஆயிட்டான். எந்திரிக்கறதில்ல, பேசறதில்ல. மாத்திரைதான் இப்படிப் போட்டு அமுக்குது. பாதியா உடைச்சுக் குடுக்கட்டுமா?"

நோய் போகவில்லை. அதன் இன்னொரு பாதி இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. எதையும் தொடங்கத் தோன்றாமை, முகத்தில் உணர்ச்சி மங்குவது, பேச்சு ஒரு சொல் இரண்டு சொல்லாகச் சுருங்குவது, கூட்டாளிகளைத் தவிர்ப்பது, பிடித்த விஷயத்தில்கூட ருசி இல்லாமல் போவது. இவற்றை மருத்துவத்தில் எதிர்மறை அறிகுறிகள் என்கிறார்கள். பல பேருக்கு, குரல் கேட்பதற்கு ஓரிரு வருடம் முன்பே இவை தொடங்கியிருக்கும். 'மார்க் குறைஞ்சது', 'கிரிக்கெட் ஆடப் போகல' என்று பின்னால் நினைவுக்கு வரும். கூடவே கவனமும் ஞாபகமும் திட்டமிடுகிற திறனும் குறையும். ரேஷன் கடைக்குப் போய் மூன்று பொருள் வாங்கி வரச் சொன்னால் ஒன்றோடு திரும்புவார். அது அலட்சியம் இல்லை.

இன்றைய மருந்துகள் சத்தமான பக்கத்தை நன்றாகக் கட்டுப்படுத்துகின்றன. இந்தப் பக்கத்தில் அவற்றின் பலன் குறைவு. மனசுக்குக் கஷ்டமான உண்மை இது, ஆனால் தெரிந்துகொண்டால் வீட்டில் பாதிச் சண்டை குறையும். அம்மா சொன்னதிலும் நியாயம் உண்டு. மருந்தின் மந்தம் எது, நோயின் மந்தம் எது, மனச்சோர்வு எது என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதை மருத்துவரால் செய்ய முடியும், கத்தரிக்கோலால் முடியாது. (ஒரு விஷயத்தில் நாம் நிதானமாக இருக்கலாம். குளிக்காமல் இருப்பது நோயின் அறிகுறி என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும். ஜனவரியில், புல்லெல்லாம் உறைபனி படிந்து கிடக்கும் ஊட்டியில் தினமும் குளிக்காதவரை எல்லாம் சந்தேகப்பட்டால் மாவட்டமே தாங்காது. ஒருவர் முன்பு இருந்ததிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறார் என்றுதான் பார்க்க வேண்டும்.)

ஏன் வருகிறது

ஒற்றைக் காரணம் கிடையாது. மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள், எது முக்கியம், எதைக் கவனிக்க வேண்டும் என்று குறி போடுகிற வேலையில் பங்கெடுக்கிறது. மூளையின் சில பகுதிகளில் அது மிதமிஞ்சினால் சாதாரண விஷயங்களெல்லாம் தனக்கென்றே அனுப்பிய சங்கேதமாகத் தோன்றும். தராசு நோட்டின் எண்கள் செய்தியானது அப்படித்தான். குளுட்டமேட் போன்ற வேறு வேதிப்பொருள்களுக்கும் பங்கு உண்டு. பரம்பரை முக்கியம்: பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருகிற வாய்ப்பு நூற்றுக்குப் பத்து போல. ஆனால் ஒரே மரபணுவைக் கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கு வருவது ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான். ஆக, ரத்தத்தில் எழுதிய விதி என்று அதைச் சொல்ல முடியாது.

கஞ்சா பற்றிப் பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். பதின்வயதிலிருந்து தொடர்ந்து புகைப்பவர்களுக்கு, அதுவும் குடும்பத்தில் ஏற்கெனவே இந்த நோய் இருந்தால், ஆபத்து கூடுகிறது. கொடைக்கானல் பக்கம் தேடிப் போகிற போதைக் காளானும் பிரமைகளைக் கிளப்பும். பெரும்பாலோருக்கு அது சில மணி நேரத்தில் இறங்கிவிடும், சிலருக்கு உள்ளே உறங்குவதை எழுப்பிவிடும்.

வளர்ப்பு சரியில்லை என்பது காரணமே அல்ல. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மேலைநாட்டு நிபுணர்களே தாய்மார்கள் மேல் பழி போட்டார்கள். அந்தக் கருத்து எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. நம் வீடுகளில் மாமியார் வாயில் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

மருந்து

'சர்க்கரை நோய் மாதிரிதான், மாத்திரை போட்டால் கட்டுக்குள் இருக்கும்' என்று நாங்களே சொல்வதுண்டு. அது பாதிதான் சரி. சர்க்கரைக்கு ரத்தத்தில் ஒரு எண் இருக்கிறது. மனச்சிதைவைக் காட்டுகிற ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. தைராய்டு, வலிப்பு, மூளைக்காய்ச்சல், போதைப்பொருள் என்று வேறு காரணங்களை விலக்கத்தான் அந்தப் பரிசோதனைகளை எழுதுவார்கள். மற்றபடி மருத்துவர் நம்பியிருப்பது நோயாளியின் பேச்சையும், வீட்டார் சொல்கிற விவரத்தையும், காலத்தையும்தான்.

இன்று கிடைக்கிற மருந்துகளின் கதை 1952இல் பாரிஸில் குளோர்ப்ரோமசினோடு தொடங்குகிறது என்பார்கள். அதற்கும் முன்னால், 1931இலேயே, நம் சர்ப்பகந்தி வேரை மனநோய்க்குக் கொடுத்துப் பார்த்ததை இந்திய மருத்துவர்கள் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதியிருக்கிறார்கள். அதற்காக இன்றைக்கு யாரும் வேரைத் தேடிக் காட்டுக்குள் போக வேண்டாம்.

மாத்திரை தொடங்கினால் பதற்றமும் தூக்கமின்மையும் சில நாளில் தணியும். குரலும் சந்தேகமும் வாரக்கணக்கில்தான் மங்கும். சரியான அளவில் நாலு முதல் ஆறு வாரம் பார்த்த பிறகே ஒரு மருந்து ஒத்துவருகிறதா என்று முடிவு செய்வார்கள். பத்தாம் நாள் 'மருந்து கேக்கல' என்று மருத்துவரை மாற்றுவது பணத்துக்குப் பிடித்த கேடு.

பக்க விளைவுகளை முன்கூட்டியே சொல்லாததால் வருகிற வினை பெரிது. ஹாலோபெரிடால் ஊசி போட்ட மறுநாள் சிலருக்குக் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், கண் மேலே சொருகும், நாக்கு குழறும். பார்க்கிறவர் 'இப்பத்தான் பேய் முழுசா இறங்குது' என்பார். பேயும் இல்லை, பிசாசும் இல்லை; தசை இறுக்கம். ஆஸ்பத்திரியில் ப்ரோமெதசின் ஊசி ஒன்று போட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். வேறு சிலருக்கு ஓரிடத்தில் உட்கார முடியாத நமைச்சல் காலில் வரும். நோய் முற்றிவிட்டது என்று தவறாக நினைத்து அளவைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். கை நடுக்கத்துக்கு ட்ரைஹெக்ஸிஃபெனிடில் தருவார்கள். ஓலன்சபினில் எடையும் சர்க்கரையும் ஏறும். ரிஸ்பெரிடோனில் பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகலாம், மார்பில் பால் சுரக்கலாம். வெட்கப்பட்டுச் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சொன்னால் மருந்தை மாற்ற வழி இருக்கிறது.

இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் கொடுத்தும் குரல் அடங்காதவர்களுக்கு க்ளோசபின். 1975இல் ஃபின்லாந்தில் இந்த மருந்தால் ரத்த வெள்ளையணுக்கள் குறைந்து சிலர் இறந்ததால் பல நாடுகளில் ஒதுக்கிவைத்தார்கள். வேறு எதற்கும் அசையாத நோயாளிகளுக்கு இது கேட்கிறது என்று 1988இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டிய பிறகு, ரத்தப் பரிசோதனை என்ற நிபந்தனையோடு திரும்பி வந்தது. முதல் சில மாதம் வாரந்தோறும், பிறகு மாதந்தோறும் வெள்ளையணுக்களை எண்ண வேண்டும். க்ளோசபின் சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால், 'மலைக்குளிருக்கு இதெல்லாம் சகஜம்' என்று கஷாயம் வைத்துக் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய இன்னொரு விஷயம் பீடியும் டீயும். புகை, கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டிவிட்டு ஓலன்சபினையும் க்ளோசபினையும் வேகமாகக் கரைத்துவிடும். அதனால் பீடியைத் திடீரென்று நிறுத்தினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். நல்ல காரியம்தான், ஆனால் மருத்துவருக்குச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். காஃபின் செய்வது இதற்கு நேர் எதிர், அது க்ளோசபினைத் தேக்கும். ஒரு நாளைக்கு ஏழெட்டு டம்ளர் கட்டன் சாயா குடிக்கிற ஊரில் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விவரம் இது. டீயை விடச் சொல்லவில்லை. கூட்டவோ குறைக்கவோ செய்யாமல் ஒரே அளவில் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

மாத்திரை மறந்துபோகிறவர்களுக்கு இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் நீண்டகால ஊசிகள் உண்டு. பஸ்ஸை நம்பி வாழ்கிற மலைக் கிராமங்களுக்கு இது பெரிய வசதி. தினமும் 'போட்டியா, துப்பினியா' என்ற விசாரணை வீட்டில் ஒழியும். தண்டனை ஊசி என்ற எண்ணத்தால்தான் பலர் தயங்குகிறார்கள். மின்னதிர்ச்சி சிகிச்சையும் சில நிலைகளில் உண்மையிலேயே உதவுகிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, மயக்க மருந்தும் தசைத் தளர்ச்சி மருந்தும் இல்லாமல் அதைக் கொடுக்கக் கூடாது.

இப்போது அந்த இரண்டாவது கேள்வி: எத்தனை நாளைக்கு? முதல் முறை வந்து குணமானவர்கள் குறைந்தது ஓரிரண்டு ஆண்டு. திரும்பத் திரும்ப வந்தவர்கள் பல ஆண்டு, சிலர் ஆயுள் முழுக்க. 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதல் முறை மீண்டவர்களில் ஐந்து ஆண்டுக்குள் ஐந்தில் நாலு பேருக்கு நோய் திரும்பியது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு அந்த ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு. நிறுத்திய மறுவாரமே திரும்பாது, அதுதான் ஏமாற்று வேலை. இரண்டு மூன்று மாதம் நன்றாக, முன்னைவிடச் சுறுசுறுப்பாக இருப்பார். 'பாத்தீங்களா, மாத்திரை இல்லாமலே நல்லாருக்கான்' என்பார்கள். பிறகு தூக்கம் போகும்.

வீடு செய்கிற சிகிச்சை

ஓயாமல் குறை சொல்கிற, பகைமை காட்டுகிற, அல்லது மூச்சு விட இடமில்லாமல் பொத்திப் பொத்தி வைக்கிற வீடுகளில் நோய் அதிகம் திரும்புகிறது என்பது லண்டனில் தொடங்கிப் பல நாடுகளில் பார்த்த விஷயம். சண்டிகரில் இதையே அளந்தபோது இந்தியக் குடும்பங்களில் அந்தக் குறைசொல்லல் லண்டனைவிடக் குறைவாக இருந்தது. பெருமைப்படலாம், ஆனால் எல்லா வீட்டுக்கும் அது பொருந்தாது.

அமைதியாகிப்போன அந்தப் பாதிக்கு மருந்து குறைவு என்றேன். அங்கே வேலைதான் மருந்து. பெரிய வேலை அல்ல. காலையில் கோழிக்குத் தீனி போடுவது, பால் சொசைட்டிக்குக் கேனைக் கொண்டுபோவது, அம்மாவோடு ஒரு வரிசை இலை எடுப்பது. ஒரு நேரத்தில் ஒன்று, சொல்வதைச் சிறு வாக்கியமாக, தினமும் அதே மணிக்கு. 'உன் வயசுப் பசங்க பைக் வாங்கிட்டாங்க' என்ற பேச்சை அறவே விட்டுவிட வேண்டும். ஒரு மாதத்தில் பெரிதாக எதுவும் தெரியாது, ஆறு மாதத்தில் தெரியும். 1984இல் டாக்டர் சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் பல ஆண்டுகளாகச் செய்துவருவதில் இந்த மறுவாழ்வு வேலை ஒரு பெரும்பங்கு.

'கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்' என்பது சிகிச்சை அல்ல. இன்னொரு வீட்டுப் பிள்ளையை ஏமாற்றுவது. நோயைச் சொல்லி, மருந்தைத் தொடர்ந்து, இருவரும் சம்மதித்துக் கல்யாணம் செய்து நன்றாக வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். மறைத்து வைத்து, கல்யாண வாரத்தில் மாத்திரையை நிறுத்தி, மூன்றாம் மாதம் ஆஸ்பத்திரியில் வந்து நிற்பதுதான் கதை கெடுகிற இடம். கர்ப்பம் என்று தெரிந்தாலும் தானாக நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் கேட்டுத்தான்.

இந்த நோய் உள்ளவர்கள் என்றாலே வெட்டுவார் குத்துவார் என்ற பயமும் மிகையானது. அவர்கள் அடிப்பதைவிட அடிபடுவதுதான் அதிகம். உண்மையான ஆபத்து அவர்கள் உயிருக்கு: ஏறக்குறைய இருபதில் ஒருவர் தற்கொலையில் போகிறார், அதுவும் முதல் சில ஆண்டுகளில். தோட்டத்துப் பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் பூட்டி வையுங்கள். 'சாகணும்போல இருக்கா?' என்று நேராகக் கேட்பது எண்ணத்தை விதைக்காது. பேச வழி திறக்கும்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி இறந்தார்கள். இன்று சங்கிலி போடுவது சட்டப்படி குற்றம். அடங்காத நிலையில் இருப்பவரைக் கட்டிவைக்காமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கு வரும். உங்கள் ஊருக்கு எந்த நாள் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அங்கே மருந்து இலவசம். டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும், தமிழில் பேசலாம். நோய் நீண்டு வேலை செய்ய முடியாத நிலை வந்தால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் அடங்கும். அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

கடைசியாக, கடைக்காரனாக ஒன்று. 2009 நவம்பரில் மண்சரிந்து பாதைகள் அடைபட்டது இங்கே யாருக்கும் மறக்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பத்து நாள் மாத்திரையாவது கூடுதலாக வீட்டில் இருக்கட்டும். அடுத்த தேதிக்கு முன்பே மருத்துவரிடம் சொன்னால் எழுதித் தருவார். பழைய சீட்டைத் தூக்கிப் போடாமல் பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்த மாதம் மாற்றினார்கள் என்பது தெரிந்தால், புதிதாகப் பார்க்கிற மருத்துவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.